யாருடைய நாய்?

(வானொலியில் ஒலிபரப்பான மறைச்சிந்தனையின் எழுத்து வடிவம்)



பொங்கல் வாரத்திலேயே திருஅவை ஒரு தவமுனிவரை நினைவுகூர்கிறது. ஜனவரி 17ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருநாள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்துக்குப் புதுக் கயிறு மாற்றிய கையோடு, எங்கள் பங்கில் சிலர் ஆடு மாடுகளைக் கோவிலுக்கு ஓட்டி வந்து தீர்த்தம் தெளிக்கச் சொல்வார்கள். கோழியைக் கூடையில் போட்டுக் கொண்டு வருகிற அம்மாயிகளும் உண்டு. அன்றைக்குக் கோவில் வளாகமே ஒரு சந்தை போல இருக்கும்.

வனத்து அந்தோணியார் சுரூபத்தை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் காலடியில் ஒரு பன்றி நிற்கும். பல படங்களில் அதன் கழுத்தில் ஒரு மணியும் தொங்கும். அந்தோணியாருடைய பெயரைத் தாங்கி, நோயாளிகளைப் பராமரித்து வந்த துறவியர் முற்கால ஐரோப்பாவில் இருந்தார்கள். அவர்கள் வளர்த்த பன்றிகள் தெருவில் மேயும். இது இந்த மடத்துப் பன்றி, இதற்குப் பொறுப்பானவர்கள் இன்னார் என்று ஊருக்குத் தெரிவதற்காகக் கழுத்தில் மணி கட்டிவிடுவார்கள். இத்தனை ஆண்டுகள் அந்தச் சுரூபத்துக்கு மாலை போட்ட நமக்கு அந்த மணியின் பொருள் போன ஆண்டுதான் உறைத்தது. உறைக்க வைத்தது ஒரு நாய். அதன் பெயரும் மணிதான்.

எங்கள் பங்கு இல்லத்து வாசலில் அது எப்போது வந்து படுத்தது என்று யாருக்கும் நினைவில்லை. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். சமையல்கார அம்மா மிச்சச் சோறு வைப்பார். உபதேசியார் பிஸ்கட் போடுவார். கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமையில் நாமும் எலும்பு போடுவோம். திருப்பலிக்கு வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர் வைத்து, கடைசியில் மணி என்பது நிலைத்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பயந்து ஒதுங்கினால், "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்று எல்லாருமே சொல்வோம். அதற்கு முன் இரண்டு முறை அது தபால்காரரை விரட்டியிருக்கிறது. அப்போதும் அப்படித்தான் சொன்னோம்.

ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பத்து வயதுப் பீடச் சிறுவன் ஒருவன் அது தின்றுகொண்டிருந்த இடத்தைத் தாண்டி ஓடியிருக்கிறான். கெண்டைக்காலில் பல் பதிந்துவிட்டது. கூட்டம் கூடியது. ஒருவர் காப்பித்தூளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். இன்னொருவர் சுண்ணாம்பு தேடினார். பையனின் பாட்டி அவனை நம் முன்னால் இழுத்து வந்து நிறுத்தி, "சாமி, மந்திரிச்சு விடுங்க, எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். நல்லவேளை, லாரி ஓட்டும் ஒரு தம்பி அங்கே இருந்தார். யாரையும் கேட்காமல் பையனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய், துணி சோப்பை எடுத்து, தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவத் தொடங்கினார். "அவன் கத்தட்டும் பாட்டி, கால்மணி நேரம் கழுவோணும், எங்க கிளீனர் பையனுக்கு டாக்டர் சொன்னாரு" என்றார். அன்று அவர் செய்ததுதான் சரியான அருள்பணி. நாம் கையில் தீர்த்தச் செம்போடு சும்மா நின்றோம்.

அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதும் இடத்தில் இருந்த சகோதரி, வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டார். எப்போது கடித்தது? எங்கே? வீட்டு நாயா, தெரு நாயா? தடுப்பூசி போட்ட நாயா? யாருடைய நாய்?

உடன் போனவர்கள் ஐந்து பேர். எல்லாரும் அந்த நாய்க்குச் சோறு போட்டவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வீட்டு நாய் என்று சொன்னால் யார் வீடு? தெரு நாய் என்றால், தினமும் நம் திண்ணையில் தூங்குகிறதே? தடுப்பூசி என்ற பேச்சே அதுவரை எழுந்ததில்லை. "கோயில் நாய்ங்க" என்று மெல்லச் சொன்னார் உபதேசியார். அந்தச் சகோதரி பேனாவை நிறுத்தி நம் அங்கியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "தெரு நாய்" என்று எழுதிக்கொண்டார்.

அன்பார்ந்தவர்களே, அந்த ஒரு சொல்லை எழுதியபோது நமக்கு ஏற்பட்ட வெட்கம் கொஞ்சமல்ல.

பையனுக்கு அன்றே ஊசி தொடங்கினார்கள். காயத்தைச் சுற்றியும் மருந்து செலுத்தினார்கள். பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். பாட்டிக்கு ஒரே கலக்கம், தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே என்று. நம்மில் ஐம்பதைத் தாண்டிய எல்லாருக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து போய் இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது தோள்பட்டையில் சின்ன ஊசிதான். அரசு மருத்துவமனைகளில் காசு கிடையாது. 14 ஊசிக்குப் பயந்து வைத்தியரிடம் பச்சிலைச் சாறு குடித்து உட்கார்ந்திருப்பவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், ரேடியோவை அணைத்துவிட்டு உடனே புறப்படுங்கள். மீதியை நம் பங்கு மடலில் படித்துக்கொள்ளலாம்.

இந்த நோயைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்த இடத்தில் நுழைந்து, நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும், முன்பின்னும் ஆகலாம். அது மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊசி மருந்து முந்திக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் கண்டால் நடுக்கம், காற்றுப் பட்டால் துடிப்பு என்று அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் ஏறக்குறைய எல்லாருமே பிழைத்துக்கொள்கிறார்கள். 1885 சூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்தார். 1907 முதல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் இருக்கிறது. மருந்து கண்டுபிடித்து 140 ஆண்டுகளாகியும் 2024இல் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4 இலட்சத்து 80 ஆயிரம் பேர் நாய்க்கடிக்கு ஆளானார்கள், 43 பேர் இந்த நோயால் இறந்தார்கள். குட்டி நாய்தானே கீறியது, நம்ம வீட்டு நாய்தானே என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து. பூனை கடித்தாலும் இதே கதைதான்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள். நாய் பத்து நாளும் நன்றாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். (அதுவரை ஊசியைத் தள்ளிப்போடலாம் என்று பொருளல்ல. தொடங்கியாக வேண்டும்.) அந்தப் பத்து நாளும் காலைச் செபத்துக்கு முன்னால் நாம் போய்ப் பார்ப்பது மணியைத்தான். தண்ணீர் குடித்ததா, வால் ஆட்டியதா? செபமாலை சொல்லும்போதும் கண் வாசலுக்கே போகும். அந்தப் பையனின் அம்மா தினமும் மாலையில் தறிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் கேட்டருகே நின்று பார்த்துவிட்டுப் போவார். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மணி பிழைத்தது. பையனும் நலமாக இருக்கிறான். ஆனால் அந்தப் பத்து நாளில் திருவிவிலியத்தில் ஒரு பகுதி நம்மை விடவில்லை. குருமடத்தில் படித்த காலத்தில் பழைய சட்டம் என்று வேகமாகப் புரட்டிப் போன பகுதி அது.

விடுதலைப் பயண நூல் 21ஆம் அதிகாரம். பத்துக் கட்டளைகள் கொடுக்கப்பட்டு ஒரே அதிகாரம் தள்ளி, ஆண்டவர் முட்டுகிற மாட்டைப் பற்றிப் பேசுகிறார். ஒரு மாடு ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால் அந்த மாட்டைக் கொல்ல வேண்டும், உரிமையாளர்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முன்பே முட்டுகிற மாடு என்று தெரிந்து, உரிமையாளரிடம் சொல்லியும் அவர் கட்டி வைக்காமல் விட்டிருந்தால், அப்போது அந்தச் சாவு உரிமையாளர்மேல் விழுகிறது. அவரும் சாவுக்கு உரியவர், ஈட்டுப்பணம் விதித்தால் அதைக் கட்டித் தம் உயிரை மீட்கலாம் என்று சட்டம் தொடர்கிறது. இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில் இன்னொன்று: புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், யாராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். நல்லவர், கெட்டவர் என்று அங்கே பேச்சே இல்லை. உன்னிடம் சொன்னார்களா, நீ கட்டினாயா, சுவர் எழுப்பினாயா என்பதுதான் கேள்வி.

தபால்காரரை இரண்டு முறை விரட்டியது என்று சற்று முன் சொன்னோம் அல்லவா? அதுதான் நமக்கு வந்த எச்சரிக்கை. விடுதலைப் பயண நூல் நம் பங்கு இல்லத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் நடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகள் விளையாடிக்கொண்டிருந்தபோது வளர்ப்பு நாய்கள் இரண்டு, ராட்வைலர் இனம், அவள்மேல் பாய்ந்து தலையில் பலத்த காயம் ஏற்படுத்தின. நாய்களின் உரிமையாளரைக் கைது செய்தார்கள். தெரு நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த தமிழகம் அன்றுதான் வீட்டு நாயைப் பற்றியும் பேசத் தொடங்கியது. இப்போது நாட்டின் சட்டமும் மோசேயின் சட்டத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி, தன் விலங்கினால் பிறர் உயிருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனித் தெரு நாய்க்கு வருவோம். கடந்த 2025 ஆகஸ்டு 11இல் டெல்லித் தெரு நாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினொரு நாள் கழித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்று மாற்றியது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற ஆணையிட்டது. டீக்கடையில் இதைப் பற்றிச் சண்டை போடாதவர் நம்மில் குறைவு. ஒரு பக்கம் வாயில்லாச் சீவன் என்கிறார்கள், மறு பக்கம் பிள்ளையைக் கடித்தால் தெரியும் என்கிறார்கள். இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. இந்தத் தெரு நாய்கள் தெருவுக்கு எங்கிருந்து வந்தன?

சில எங்கள் கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்து வந்தன. அது நமக்கு உறுதியாகத் தெரியும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, விடியற்காலையில் அங்கே ஒரு கோழித்தீவன மூட்டை கிடக்கும், அல்லது முட்டை அட்டை அடுக்கிய பெட்டி. உள்ளே கண் திறக்காத குட்டிகள். பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். கடுவன் குட்டிகளைத் தோட்டக் காவலுக்கென்று கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். பெட்டை என்றால் மறுபடி ஈனும், தெருவெல்லாம் நாய் சுற்றும் என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். போகிற போக்கில் சாமியார் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை வேறு.

இதைச் சொல்லும்போது சேலத்துக்காரர்களாகிய நமக்கு ஒன்று நினைவுக்கு வராமல் இருக்காது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். ஏன் இங்கே தொடங்க வேண்டி வந்தது என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. மனிதக் குழந்தையையும் நாய்க்குட்டியையும் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. அப்படிப் பேசுவது பாவம். கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட பிள்ளைக்கு நிகர் எதுவுமில்லை. ஆனால் பெண் என்றால் சுமை, சுமை என்றால் இருட்டில் கொண்டுபோய் வைத்துவிடு என்று பழகிய கை ஒன்று நம் மண்ணில் இருந்தது. அந்தக் கை முழுதாக மாறிவிட்டதா என்று மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் நமக்கு ஐயம் வருகிறது.

செய்ய வேண்டியது கடினமும் இல்லை. பெட்டை நாய்க்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டால் மூட்டைக்கு வேலையில்லை. சினை 63 நாள்தான். ஒரு பெட்டை ஆண்டுக்கு இரண்டு முறைகூட ஈன்றுவிடும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆத்தூர் பக்கத்து மக்களுக்குத் தலைவாசலிலும் கல்லூரி வந்துவிட்டது. கோழிக்கு ஒரு நாள் காய்ச்சல் என்றால் விடியுமுன் மருத்துவரைத் தேடிப்போகிற ஊர் இது. ஆட்டுக்குக் குடற்புழு மருந்து தேதி தவறாமல் கொடுக்கிறோம். வருமானம் தரும் பிராணிக்கு மருத்துவர், வருமானம் தராத பிராணிக்குத் தெரு என்று கணக்கு வைத்திருக்கிறோம். குட்டிகளைப் பட்டினி கிடந்து சாகும்படி விட்டுவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதே சட்டம், நாயை அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டி வைப்பதையும் குற்றம் என்கிறது.

சங்கிலி என்றதும் மாடி வீடுகளைச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் நம் சேலத்து மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியுமா? அங்கேதான் சில வீடுகளில் நாயைக் கட்டி வைக்கிறார்கள். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணிய நாய்க்கு வழியில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் தணித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிழலும் ஒரு சட்டி தண்ணீரும் இல்லாமல் அது என்ன செய்யும்? இதில் பனி நாட்டு ஹஸ்கி நாயை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வருகிறவர்களை என்னவென்று சொல்வது! இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் பிறந்த நாட்டில், நம் வெயிலுக்கென்றே ஆண்டவர் படைத்தவை இருக்கும்போது, பாவம் அந்தச் சைபீரியா நாய் என்ன குற்றம் செய்தது? கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கிறவர்களுக்கும் ஒரு சொல். நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. இறக்கையை வெட்டிவிட்டு அதற்குச் செபம் சொல்லித் தந்திருக்கிறோம் என்று பெருமையாகக் காட்டிய ஒரு வீட்டில், காப்பி குடிக்காமலே எழுந்து வந்தோம்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் இந்தப் பொருளை 2415 முதல் 2418 வரையிலான எண்களில் பேசுகிறது. விலங்குகளை அநியாயமாகத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது என்று கற்பிக்கிறது. அதே இடத்தில், மனிதரின் வறுமையைத் துடைக்கச் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குக் கொட்டுவதும் தகாது, விலங்குகளை நேசிக்கலாம், மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் திருப்பிவிடக் கூடாது என்றும் சொல்கிறது. நாய்க்கு ஏசி அறை, வயதான தகப்பனாருக்கு வெளித்திண்ணை என்று இருக்கும் வீடுகளும் நம் பகுதியில் வந்துகொண்டிருக்கின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், உயிரினங்களிடம் நாம் காட்டும் கொடுமை சுற்றிச் சுற்றி மனிதரிடமும் வந்து நிற்கும் என்று எச்சரித்தார். திண்ணைத் தகப்பனாரைப் பார்க்கும்போது, அளவு தெரியாத செல்லமும் அப்படித்தான் வந்து நிற்குமோ என்று தோன்றுகிறது.

நாய்க்கடியில் அழுவது பிள்ளை பெற்றவர்கள் மட்டுமில்லை. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் பட்டிக்குள் புகுந்த நாய்க் கூட்டங்கள் ஆடுகளைக் கடித்துக் குதறியதும், விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டுப் போராடியதும், அரசு நிவாரணம் அறிவித்ததும் அண்மைச் செய்திகள். எங்கள் பங்கிலும் ஒரு கைம்பெண் தாய் வளர்த்த மேச்சேரி ஆடுகள் ஐந்தும் ஒரே இரவில் போயின. கோழிக்கடைக் கழிவையும் செத்த கோழியையும் ஏரிக்கரையில் கொட்டி, அந்த நாய்க் கூட்டத்துக்கு இரத்த ருசி காட்டியவர்கள் நாம்தான். அந்தத் தாய் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, இறைவாக்கினர் நாத்தான் தாவீதுக்குச் சொன்ன ஏழையின் ஆட்டுக்குட்டிதான் நினைவுக்கு வந்தது. அவன் தட்டில் உண்டு, அவன் கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் மகளைப் போலத் தூங்கிய குட்டி. அதை இழந்த ஏழைக்காக அரசன் கொதித்து எழுந்தான் அல்லவா? ஆட்டுக்காரிக்கும் நாய் வளர்ப்பவருக்கும் கடிபட்ட பிள்ளைக்கும் சேர்த்துத்தான் நியாயம் தேட வேண்டும்.

மணி கடித்து நான்காவது மாதம், அதே பையன் மறைக்கல்வி வகுப்பில் கேட்டான்: "ஃபாதர், மணி செத்தா மோட்சத்துக்குப் போகுமா?" கடிபட்டவன் கேட்கிற கேள்வியா இது! பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. மனித ஆன்மா போல நாயின் உயிர் சாகாத ஆன்மா இல்லை என்றுதான் நம் இறையியல் மரபு கற்பித்து வந்திருக்கிறது. அதே நேரம், படைப்பு முழுவதும் விடுதலையை எதிர்நோக்கிப் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்று உரோமையர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். திருத்தந்தை பிரான்சிசும் அதே மடலின் முடிவில், உருமாற்றம் பெற்ற படைப்புகள் எல்லாம் அந்த நிலைவாழ்வில் தத்தம் இடத்தைப் பெறும் என்று நம்பிக்கையோடு சொல்கிறார். எப்படி என்பது ஆண்டவருக்கே தெரியும் என்று பையனிடம் சொன்னோம். பிறகு தோபித்து நூலை எடுத்துக் காட்டினோம். இளைஞர் தோபியா வானதூதரோடு பயணம் புறப்படும்போது ஒரு நாயும் உடன் போகிறது. 11ஆம் அதிகாரத்தில் அவர்கள் வீடு திரும்பும்போது நாயும் பின்னால் வருகிறது. அது ஒன்றும் செய்வதில்லை, அதற்குப் பெயரும் இல்லை. வானதூதர் நடந்த வழியில் அதுவும் நடந்தது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அது தோபியா வீட்டு நாய்னு எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

இப்போது எங்கள் பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு இருக்கும் அலமாரியில், கீழ்த்தட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அன்பியம் வாரியாக, எந்த வீட்டில் என்ன நாய், எப்போது தடுப்பூசி, அடுத்தது எப்போது, பெட்டை என்றால் கருத்தடை ஆயிற்றா என்று எழுதி வருகிறோம். முதல் வரியில், மணி, உரிமையாளர் பங்குத்தந்தை இல்லம் என்று இருக்கிறது. கையெழுத்தும் போட்டிருக்கிறோம். அதற்குச் சிவப்புக் கழுத்துப் பட்டையும் வாங்கிக் கட்டியாயிற்று. தபால்காரர் வரும் நேரத்தில் அது கொட்டகையில்தான் இருக்கும்.

இந்த ஆண்டு வனத்து அந்தோணியார் திருநாள் ஆசீரின்போது கால்நடை மருத்துவர் ஒருவரும் நம்மோடு நிற்கிறார். முதலில் அவர் ஊசி போடுவார், அதன்பின் நாம் தீர்த்தம் தெளிப்போம். மூன்று மாதம் நிறைந்த குட்டிகளைக் கொண்டு வாருங்கள். நாயைக் கயிற்றில் பிடித்து வாருங்கள், பூனை என்றால் மூடிய கூடையில். மாட்டையும் நாயையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், போன வருடம் பட்டது போதும். வெளியூரில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். நோயில் கிடக்கும் பிராணியைத் தூக்கிப்போக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணை அழைத்தால் வண்டியே வரும். ஊசி போட்ட சீட்டைத் தயவுசெய்து செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துவிடாதீர்கள், தேவைப்படும்போது கிடைக்காது. கதவுக்குப் பின்னால், காலண்டர் ஆணியில் மாட்டி வையுங்கள்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!